மூன்று நரிக்குட்டிகளும் ஒரு டெர்மினும்

நரி முதல் தடவை வந்தபோது பக்கத்து வீட்டுப் பூனை என்று நினைத்துத் தும்புத்தடியை எறிந்தேன். அது ஓடவில்லை. வேலியோரம் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. நீள மூக்கு, செம்பட்டை முடி, விலா எலும்பை எண்ணக்கூடிய உடம்பு. டோர்ட்மண்டுக்கு வந்து முப்பத்தொரு வருடம். இங்கே ஒரு நரியையும் நான் கண்டதில்லை. காணவேண்டும் என்று ஆசைப்பட்டதும் இல்லை.

பிழை என்னுடையதுதான். சனிக்கிழமைகளில் மீன் வாங்குவேன். மீன் கழுவிய தண்ணீரைக் கறிவேப்பிலைச் சாடிக்கு ஊற்றுவேன். தலை, செதில், குடல் எல்லாவற்றையும் பாகல் கன்றுகளுக்கு அடியில் தாட்டுவிடுவேன். இங்கே தோட்டம் வைத்திருக்கிற எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிற வேலைதான் இது. ஜெர்மன்காரர் கடையில் பெட்டி பெட்டியாகப் பசளை வாங்கிப் போடுகிறார்கள். அவர்கள் வீட்டுக்கு நரி வருவதில்லை, என் வீட்டுக்கு வந்தது. இரண்டு பாகல் கன்றைக் கிளப்பி எறிந்துவிட்டு, ஒரு பாரை மீன் தலையைக் கவ்விக்கொண்டு போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய்க்கு வந்தபடி ஏசினேன். தமிழில்தான். ஜெர்மனில் ஏசுகிற அளவுக்கு எனக்கு இன்னும் பாசை வரவில்லை.

உள்ளே இருந்து ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சக்கர நாற்காலியில் இருந்த இவர் சிரித்துக்கொண்டிருந்தார். வாயின் இடது பக்கம் மட்டும்.

இவர் என்றால் இராசலிங்கம், என் கணவர். போன ஒக்ரோபரில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த நாள் தொடக்கம் "ம்", "இல்லை" என்ற இரண்டு சொல்லோடு குடும்பம் நடந்தது. வாரத்தில் இரண்டு நாள் ஒரு பெண் வந்து கையைக் காலை அசைத்துவிடுவாள், எழும்பச் சொல்லுவாள். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவளும் எத்தனை நாள்தான் சுவரோடு கதைப்பாள்? தன் அரை மணித்தியாலத்தை முடித்துக்கொண்டு போய்விடுவாள்.

மற்ற எல்லாம் நான். காலை மூன்றரைக்கு எழும்பி இவரைப் புரட்டித் துடைத்து மாற்றிவிட்டு, ஐந்து மணிக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலைக்குப் போவேன். ஒன்பதுக்கு, என்ன நடந்திருக்குமோ என்று ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வருவேன். பிறகு குளிப்பாட்டு, சோறு தீத்து, மருந்து கொடு, தூக்கு, இருத்து, திரும்பத் தூக்கு. இரவில் மூன்று தரம் எழும்பு. முதுகுத்தண்டில் ஒரு தட்டு விலகிவிட்டது என்று டொக்டர் படம் பிடித்துக் காட்டினார். பாரம் தூக்கக்கூடாதாம். எழுபத்தெட்டுக் கிலோ மனுசனை எங்கே இறக்கி வைக்கலாம் என்று அவர் சொல்லவில்லை.

அதற்குத்தான் காப்புறுதியிடம் உதவி கேட்டு அன்றாக் போட்டிருந்தோம். நோயாளிக்கு எவ்வளவு உதவி தேவை என்று பார்த்து ஒரு படி போடுவார்கள். இவருக்கு ஆஸ்பத்திரியில் வைத்துக் கீழ்ப்படி ஒன்றைப் போட்டு அனுப்பியிருந்தார்கள். அது ஒரு படி கூடினால், காலையில் ஒரு தாதி வருவாள். வாரத்தில் மூன்று நாள் வாகனம் வந்து இவரைப் பகல் நிலையத்துக்குக் கூட்டிப்போய் மாலையில் கொண்டுவந்து விடும். அந்த மூன்று நாளும் நான் என்ன செய்வேன் தெரியுமா? படுப்பேன். கதவைப் பூட்டிவிட்டு, போனை நிற்பாட்டிவிட்டு, படுப்பேன். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதைத் தருவதா இல்லையா என்று பார்க்க ஆனி பதினேழாம் திகதி டெர்மின், அன்று ஆள் வருகிறது என்று கடிதம் வந்திருந்தது.

நரி வந்ததோ வைகாசியில். அந்த மாதம் முழுவதும் ஒரு சொட்டு மழை இல்லை. பின்பக்கத்துப் புல் தும்பாகக் காய்ந்து, கால் வைத்தால் நொறுங்கியது. குழாய்த் தண்ணீரைத் தோட்டத்துக்கு விடாதீர்கள் என்று வீட்டுச் சொந்தக்காரர் படிக்கட்டில் எழுதி ஒட்டியிருந்தார். பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய்த்தான் பாகலுக்கு ஊற்றினேன். என்னைவிட அந்தப் பாகலுக்கு உயிரில் ஆசை அதிகம். பிடுங்கி எறிந்த இரண்டையும் திரும்ப நட்டேன், இரண்டும் பிழைத்துவிட்டன. நரி கிளப்பாமல் இருக்க பச்சை நைலோன் வலை வாங்கிப் பந்தலைச் சுற்றிக் கட்டினேன். வலை கட்டி நாலாம் நாள் அது குட்டிகளையும் கூட்டிக்கொண்டு வந்தது.

பட்டப்பகல், மூன்று மணி. மூன்று குட்டிகள். தவிட்டு நிறம், பெரிய காது, ஒன்றின் வாலை ஒன்று கடித்துக்கொண்டு. தாய் சாடிக்குக் கீழே இருந்த தட்டை நக்கியது. அதில் ஒன்றும் இல்லை, காய்ந்த சேறுதான். குட்டிகளும் வந்து அதையே நக்கின. நான் தும்புத்தடியைத் தேடினேன்.

"தண்ணி" என்று யாரோ சொன்னார்கள்.

வீட்டில் நானும் இவரும்தான். நான் அவசரமாக ஒரு கிளாசில் தண்ணீர் கொண்டுவந்து வாயில் வைத்தேன். இவர் இடது கையால் தள்ளிவிட்டார். கிளாஸ் விழுந்து என் சட்டையெல்லாம் நனைந்தது. பிறகு அதே கையால் வெளியே காட்டினார்.

வருத்தம் வந்து படுக்குமுன் இவருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு ஒன்றே ஒன்றுதான். தொலைக்காட்சியில் பாலைவன மிருகங்களைக் காட்டுவார்கள். மானும் ஓநாயும் காய்ந்த நரியும் குட்டிகளை இழுத்துக்கொண்டு எத்தனையோ மைல் நடந்து ஒரு குட்டைத் தண்ணீருக்கு வரும். அதைப் பார்த்துக்கொண்டு இந்த மனுசன் சோற்றை ஆறவிடுவார். நான் எத்தனை தரம் கத்தியிருப்பேன். இப்போது வீட்டுக்குப் பின்னாலேயே பாலைவனம், வேலிக்குள்ளேயே நரி. இனித் தொலைக்காட்சி எதற்கு?

உடுப்பு ஊறவைக்கிற நீலப் பேசினில் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். ஏழு மாதமாக என் பெயரைச் சொல்லாத வாய் நரிக்குத் தண்ணீர் கேட்டிருந்தது. எனக்குச் சந்தோசமா கோபமா? இரண்டும்தான். குசினிக்குள் போய் நின்று கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வெங்காயம் வெட்டினேன்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் மூன்று மணிக்கு இவரைக் கதவடிக்குத் தள்ளிக்கொண்டு போய் விடவேண்டும். ஐந்து நிமிடம் பிந்தினால் முகம் தொங்கிவிடும். குட்டிகள் பேசினுக்குள் விழும், உதறும், தாய் ஒரு பக்கமாகக் கண்ணை மூடிக் கிடக்கும். மூன்று குட்டியோடு அலைகிற அதற்கும் களைப்புத்தானே. ஒரு நாள் நானும் இவருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தேன். இருந்தபடியே நித்திரையாகிவிட்டேன். விழித்தபோது இவருடைய சால்வை என் மடியில் கிடந்தது. ஒற்றைக் கையால் எப்படிப் போட்டாரோ தெரியாது.

டெர்மினுக்கு முதல் நாள் மகள் சுபானி டார்ம்ஸ்டாட்டிலிருந்து போன் எடுத்தாள். அங்கே ஒரு கம்பனியில் கணக்காய்வு வேலை. லீவு போட்டு வாறன் என்றாள். வேண்டாம், எனக்கு வாய் இருக்கு என்றேன். அவள் விடவில்லை.

"அம்மா, வடிவாக் கேளுங்கோ. வீட்டைத் துடைச்சு மினுக்காதேங்கோ. அப்பாவுக்கு நல்ல சேட் போட்டு இருத்தாதேங்கோ. கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கோ. பிரச்சினை இல்லை, சமாளிக்கிறம் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. ரஞ்சினி மாமி வீட்டில அப்பிடிச் சொல்லித்தான் ஒண்டும் கிடைக்கேல்லை."

ரஞ்சினி என் மைத்துனி, பீலெஃபெல்ட்டில் இருக்கிறாள். படுக்கையில் கிடந்த மாமியாருக்குச் சேலை உடுத்திப் பொட்டு வைத்து இருத்தி, வந்தவருக்குப் பாயசமும் கொடுத்து அனுப்பினாள். மாமியாரின் உடல்நிலை திருப்திகரமாக இருப்பதாகக் கடிதம் வந்தது. அதைச் சொல்லி நானே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன்.

பராமரிப்புக் குறிப்பு எழுதினீங்களா என்று சுபானி கேட்டாள். இரண்டு கிழமைக்கு, ஒவ்வொரு நாளும் என்ன உதவி செய்கிறோம் என்று எழுதும் படிவம் அது. எழுதினேன் என்றேன். பொய் இல்லை. பதினான்கு நாளும் எழுதியிருந்தேன். பதினான்கு நாளும் "நல்லம்" என்று எழுதியிருந்தேன். கட்டிலை நனைத்துவிட்டார், இரவு முழுக்க அழுதார் என்றெல்லாம் கட்டிய மனுசனைப் பற்றி ஒரு கடதாசியில் எழுத எனக்குக் கை வரவில்லை.

ஓம் பிள்ளை, நீ சொன்னபடியே செய்யிறன் என்று போனை வைத்தேன். அடுத்த நாள் வேலையால் வந்து வீட்டை மூலை முடுக்கெல்லாம் துடைத்தேன். இவருக்குச் சவரம் செய்து, தலை இழுத்து, மகளின் சாமத்தியச் சடங்குக்கு வாங்கிய வெள்ளைச் சேட்டை ஸ்திரி போட்டு உடுத்தி, திருநீறும் பூசி இருத்தினேன். மரக்கறி ரோல்ஸ் பன்னிரண்டு பொரித்தேன். காப்புறுதியிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை முதன்முதலாக வீட்டுக்கு வரப்போகிறது. வாய் வடிய, பனியனோடு இவரை அதன் முன்னால் வைப்பதா? ரஞ்சினியைப் பார்த்துச் சிரித்த அதே ஆள்தான் நான்.

வந்தவளுக்கு முப்பது வயது இருக்கும். கழுத்து அட்டையில் லிசா என்றிருந்தது. குடும்பப் பெயர் எனக்கு வாயில் நுழையவில்லை. நல்ல பிள்ளை. இவருக்குக் குனிந்து கை கொடுத்தாள், இடது கை என்று பார்த்து இடது கையே கொடுத்தாள். ரோல்ஸ் தொடவில்லை, எடுக்க அனுமதி இல்லையாம். பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்தாள். கணினியைத் திறந்து கேட்கத் தொடங்கினாள்.

தானாகக் குளிப்பாரா என்று கேட்டாள். கொஞ்சம் பிடித்தால் குளிப்பார் என்றேன். கொஞ்சம் பிடிப்பதென்றால் முக்கால் மணித்தியாலம், பிறகு நான் ஒரு மணித்தியாலம் முதுகுக்கு வெந்நீர்ப் பை வைத்துப் படுக்கவேண்டும். தானாகச் சாப்பிடுவாரா? ஓம், மெதுவாக. எழும்புவாரா? ஓம், சில நாள். இரவில் உங்களை எழுப்புவாரா? பெரிதாக இல்லை. ஒவ்வொரு "ஓம்"க்கும் அவள் விரல் ஒரு தட்டுத் தட்டியது. என் மூன்று நாளும் ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டிருப்பது எனக்கு விளங்காமல் இல்லை. சுபானியின் குரலும் காதில் கேட்டது. ஆனால் இவர் பக்கத்தில் இருக்கிறார். காது நன்றாகக் கேட்கும், ஜெர்மன் என்னைவிட நன்றாக விளங்கும். இவரை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்ல?

கழிப்பறை விசயம் கேட்டாள். இவர் முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டார். தேவை என்றால் கூப்பிடுவார் என்றேன். எந்த வாயால் கூப்பிடுவார் என்று அவள் கேட்கவில்லை. என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குறித்துக்கொண்டாள்.

அப்போதுதான் வெளியே அந்தச் சத்தம் கேட்டது. கைக்குழந்தை வீறிடுவது போல. மூன்று மணி ஆகியிருந்ததை நான் மறந்துவிட்டேன். பாகல் பந்தலின் வலையில் ஒரு குட்டி மாட்டியிருந்தது. கழுத்தும் முன்கால் ஒன்றும் கண்ணிக்குள். துள்ளத் துள்ள வலை இறுகியது. தாய் நாலடி தூரத்தில் நின்று பந்தலுக்கும் வேலிக்குமாக ஓடியது. மற்ற இரண்டும் பேசினுக்குப் பின்னால் பதுங்கியிருந்தன.

இவர் எழும்பினார்.

யாரும் பிடிக்கவில்லை. இடது கையைக் கதவு நிலையில் ஊன்றி, அந்த எழுபத்தெட்டுக் கிலோவையும் தானே தூக்கி நிறுத்தினார். வெள்ளைச் சேட்டோடு நெடுநெடுவென்று நின்றார். எட்டு மாதத்துக்குப் பிறகு அவருடைய உயரத்தைப் பார்த்தேன். இடது காலை வைத்தார். வலது காலை இழுத்தார். இன்னொரு தரம் வைத்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதே நேரம், போச்சு, நடக்கிற ஆளுக்கு இனி ஒன்றும் தரமாட்டார்கள் என்றும் நினைத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்றாவது அடி இல்லை. வாசற்படியில் வலது கால் மடிந்து, பாதி உடம்பு வெளியேயும் பாதி உள்ளேயுமாக விழுந்தார்.

ஓடிப்போய் முழங்காலில் இருந்தேன். தலையில் அடி இல்லை. இவர் என்னைப் பார்க்கவே இல்லை, கையை நீட்டிக் குட்டியைக் காட்டினார். லிசா தூக்க ஓடி வந்தாள். வேண்டாம், எனக்குப் பழக்கம் என்றேன். உண்மையில் பழக்கம்தான். கால்களுக்கு நடுவே என் முழங்காலை வைத்து, இரண்டு கமக்கட்டுக்கும் கீழே கை கொடுத்து, மூன்று எண்ணித் தூக்குவேன். எண்ணினேன். இரண்டில் என் முதுகில் என்னவோ அறுந்தது போல் இருந்தது. அப்படியே இவர் மேல் சரிந்து, பக்கத்தில் விழுந்தேன். மூச்சு வரவில்லை. வாசற்படியில் புருசனும் பெண்சாதியும் பாயில் கிடப்பது போல் கிடந்தோம்.

குசினிக் கத்திரிக்கோல் மேசையில் இருக்கிறது, அதை எடுத்துக் குட்டியை விடு பிள்ளை என்று ஜெர்மனில் சொன்னேன். முதலில் உங்களை, என்றாள். இல்லை, முதலில் அதை, என்றேன். இவர் கை இன்னும் நீண்டபடியே இருந்தது. லிசா அடுப்புத் துணிக் கையுறையை மாட்டிக்கொண்டு போய், வலையைச் சுற்றி வெட்டினாள். குட்டி அவள் கையைக் கடித்துப் பார்த்தது. பிறகு தரையில் விழுந்து, உருண்டு, தாயிடம் ஓடியது. தாய் அதன் கழுத்தை இரண்டு தரம் நக்கியது. நாலும் வேலிக்கு அடியால் போய்விட்டன.

லிசா திரும்பி வந்து எங்கள் பக்கத்தில் நிலத்திலேயே உட்கார்ந்தாள். எனக்கு ஒரு தலையணை வைத்தாள். இவரைச் சுவரில் சாய்த்துவிட்டாள். அம்புலன்ஸ் கூப்பிடவா என்று கேட்டாள், கொஞ்சம் பொறு, சரியாகிவிடும் என்றேன். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை இப்படித் தூக்குகிறீர்கள்?"

எப்போதாவதுதான் என்றேன். கிடந்த கிடையில், மூச்சு வாங்க வாங்க, அப்படித்தான் சொன்னேன்.

"புஸ்பம்" என்றார் இவர்.

என் பெயர். எட்டு மாதத்துக்குப் பிறகு. இவர் லிசாவைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். வாய் கோணியது, எச்சில் சேட்டில் வடிந்தது. துடைக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார்.

"இவளுக்கு... ஏலாது. இனி... ஏலாது."

ஜெர்மன் அவருக்கு வரவில்லை. தமிழ்தான் வந்தது. லிசா என்னைப் பார்த்தாள்.

"என்ன சொன்னார்?"

வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. நான்தான் மொழிபெயர்க்கவேண்டும். தண்ணீர் கேட்கிறார் என்று சொல்லியிருக்கலாம். ஒரு கணம் அதை நினைத்தும் பார்த்தேன். இவர் கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஏலாதாம்" என்று ஜெர்மனில் சொன்னேன். சொல்லி முடியுமுன் அழுகை வந்துவிட்டது. முப்பத்தொரு வருடத்தில் நான் எந்த ஜெர்மன்காரருக்கு முன்னாலும் அழுததில்லை. அன்று மூக்கு ஒழுக அழுதேன். முதுகு நோவில், அழவும் நொந்தது.

"அது உண்மையா?"

"ஓம்" என்றேன். அது தமிழ். ஆனாலும் அவளுக்கு விளங்கியது.

லிசா எழும்பிப் போய்க் கணினியை எடுத்துக்கொண்டு வந்தாள். மடியில் வைத்தாள். அதுவரை குறித்ததை எல்லாம் அழித்துவிட்டு முதல் பக்கத்துக்குப் போனாள்.

"தானாகக் குளிப்பாரா?"

நான் இவரைப் பார்த்தேன். இவர், சொல்லு என்பதுபோல் தலையை ஆட்டினார்.

"இல்லை" என்றேன்.